வாசலில் யாரோ இருக்கிறார்

செப்டம்பர் 1, செவ்வாய்

வாசலில் புது மணி மாட்டியாகிவிட்டது. மணி என்றா சொல்வது? கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்த ஒரு கறுப்புப் பட்டை. கல்யாணமாகி வேறு வீட்டில் இருக்கும் மகளின் ஏற்பாடு. "கூரியர்காரன் வந்து வந்து திரும்பிப் போறான்பா. இனிமே யார் வந்தாலும் உங்க போன்லயும் தெரியும், என் போன்லயும் தெரியும்." இருக்கிற மணிக்கு என்ன கேடு என்று கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு இவளுக்குக் கோபம் ஜாஸ்தியாகிவிட்டது. எதைச் சொன்னாலும் கத்திக் கத்தித்தான் சொல்கிறாள்.

எலக்ட்ரீஷியன் பத்து மணிக்கு வந்தார். பழைய மணியைக் கழற்றினால் உள்ளே பல்லி முட்டை. மணிக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இதற்குப் பத்தாது என்று அதையும் மாற்றினார். ஹாலில் சோபாவுக்குப் பக்கத்து பிளக்கில் ஒரு வெள்ளைப் பெட்டியைச் செருகினார். அதுதான் உள்மணி, வாசலில் பொத்தானை அழுத்தினால் இது அடிக்கும், கூடவே ஒரு நீல விளக்கு மினுக்கும். மகள் என் போனில் ஆப் ஏற்றினாள். வை-ஃபை பாஸ்வேர்டைத் தேடி அரை மணி நேரம் வீட்டைத் தலைகீழாக்கினோம். கடைசியில் பிரிட்ஜின் பக்கவாட்டில், அவள் அம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் அங்கேயே இருந்திருக்கிறது. மகள் அதைப் பிரிக்காமலே பார்த்து அடித்தாள்.

பேரன் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியின் மூலையைத் தின்றுகொண்டிருந்தான். எட்டு மாசம். வாண்டு என்றுதான் கூப்பிடுகிறோம், அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறான். அக்டோபர் ஐந்தாம் தேதி மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலைக்குத் திரும்புகிறாள். அன்றிலிருந்து காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை, இந்த வீட்டில், வாண்டு என் பொறுப்பு. முப்பத்தோரு வருஷம் பாட்டில் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவன் நான். நிமிஷத்துக்கு நானூறு பாட்டில் ஓடும் லைனைக் கட்டி மேய்த்தவனுக்கு ஒரு பொடிப்பயல் எம்மாத்திரம்?

செப்டம்பர் 2, புதன்

போன் உதறியது. 'வாசலில் யாரோ இருக்கிறார்.' ஓடிப்போய்ப் பார்த்தால் பூனை.

செப்டம்பர் 3, வியாழன்

இந்தச் சாதனம் சரியில்லை. மதியம் கூரியர்காரர் வந்தார். போனில் அவர் முகம் மூக்கு வீங்கிய மாதிரி தெரிந்தது. பேசினார். வாய் முதலில் அசைகிறது, சத்தம் அதற்கப்புறம் தள்ளாடிக்கொண்டு வருகிறது. ஒரு எழவும் விளங்கவில்லை. நான் "என்ன? என்ன?" என்று கத்த, அவரும் பதிலுக்குக் கத்த, கதவைத் திறந்தேன். நேரில் நின்று பேசியதும் எல்லாம் சரியாகிவிட்டது. "கையெழுத்துப் போடணும்னுதான் சார் நாலு தரம் சொன்னேன்" என்றார், பாவம்.

மகளுக்கு மெசேஜ் போட்டேன்: வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம், திருப்பிக் கொடுத்துவிடலாம். (போனில் பேசுவது எனக்கு ஒத்துவருவதில்லை. எங்கள் தெருவில் சிக்னல் அப்படி.) அவள் பதில்: "எல்லார் வீட்லயும் கொஞ்சம் லேட்டாத்தான்பா வரும். முகத்தைப் பார்க்காம, சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்க."

முகத்தைப் பார்க்காமல் எப்படிக் கேட்பது? என்ன பேச்சு இது?

செப்டம்பர் 5, சனி

உள்மணிக்கு எட்டு விதமான ஓசை இருக்கிறது. ஆப்பில் பெயர்கூட வைத்திருக்கிறார்கள்: மணிக்கூண்டு, கப்பல், மேளம், குயில், கண்ணாடி, நீரோடை, புல்லாங்குழல், கொலுசு. பொழுது போகாமல் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மணிக்கூண்டு கணீரென்று அடித்தது. கப்பல் உறுமியது. மேளமும் சரி. மற்ற ஐந்தும் வேலை செய்யவில்லை. நீல விளக்கு மட்டும் மினுக்குகிறது, சத்தமே கிடையாது. வாங்கி ஐந்து நாள்கூட ஆகவில்லை! எலக்ட்ரீஷியனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். வரட்டும், நாலு வார்த்தை கேட்கிறேன்.

செப்டம்பர் 7, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எலக்ட்ரீஷியன் வந்தார். "எது சார் அடிக்கல?" குயிலைக் காட்டினேன். என் போனை வாங்கி அழுத்தினார். நீல விளக்கு மினுக்கியது. "இதோ, அடிக்குதே" என்றார். கண்ணாடியை அழுத்தினார். "இதுவும் அடிக்குது." நீரோடை. "இதுவும்." பிறகு தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சமாளித்தேன். "ஆமா ஆமா, இப்ப அடிக்குது. அன்னைக்கு என்னவோ ஆகியிருக்கு." அவர் விடவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, முதுகால் அதை மறைத்து, "புல்லாங்குழல் எப்படி சார் இருக்கு?" என்றார். "பிரமாதம்! இதையே வச்சிடுங்க" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "சார், நான் இன்னும் அழுத்தவே இல்ல."

திட்டியிருந்தால் தேவலை. கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலை. மனுஷன் மணிக்கூண்டை வைத்து, சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டுக் கிளம்பினார். கேட்டருகே நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "ஜாக்கிரதையா இருங்க சார்."

அவர் வந்த நாளிலிருந்து என்னிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இன்றுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

வயசானால் கொஞ்சம் மந்தமாகும். எல்லோருக்கும் உள்ளதுதான். அப்படித்தான் காலையில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த நெட்டையின் ஞாபகம் வந்துவிட்டது. பாட்டில் லைனில் யாரும் யாருக்கும் காதால் கேட்டதில்லை. கண்ணாடியும் கண்ணாடியும் இடிக்கிற அந்தச் சத்தத்தில் யார் பேசி யாருக்குக் கேட்கும்? எல்லாம் கை ஜாடை. கையிரண்டையும் மார்பில் குறுக்கே வைத்தால் லைனை நிறுத்து, இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. மிச்சத்தை வாயசைவைப் பார்த்தே பிடித்துக்கொள்வோம். கேட்காது என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை, அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஒருநாள் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது, நெட்டை நகரவில்லை, பாதத்தில் ஏறிவிட்டது. "கேட்டுச்சு, எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வாண்டு அழுகிற வீடியோ ஒன்று அனுப்பு என்று மகளுக்கு மெசேஜ் போட்டேன். "எதுக்குப்பா அழற வீடியோ?" சும்மா, பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். அனுப்பினாள். போனைப் படுக்கையறைக் கட்டிலில் வைத்து, ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்து நின்றேன்.

ஒன்றும் இல்லை.

ஹாலுக்கு வந்தேன். ஒன்றும் இல்லை. கதவில் காதை வைத்தேன். தூரத்தில் என்னவோ இழுத்தது போல இருந்தது, அதுவும் என் கற்பனையா தெரியவில்லை. கதவைத் திறந்தால் திரையில் அவன் முகம் சிவந்து, வாய் பிளந்து, கண்ணீர் காது வரை வழிய அழுதுகொண்டிருக்கிறான்.

போன் ஸ்பீக்கர் சின்னது. நிஜக் குழந்தை இதைவிடச் சத்தமாக அழும். அழும்தானே?

செப்டம்பர் 10, வியாழன்

பயம் என்னவென்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். ஒன்று, அவன் தூங்கி எழுந்து அழுவான், நான் வேறு அறையில் இருப்பேன், அவனுக்கு ஏதாவது ஆகிவிடும். தொண்டையில் எதையாவது போட்டுக்கொள்வான். இன்னொன்று, மகளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் டே கேரில் விட்டுவிடுவாள். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரும் தாத்தாவாகிவிடுவேன். இந்த வீட்டில் இரண்டு வருஷமாக என் இருமலைத் தவிர வேறு பேச்சுமூச்சு கிடையாது. அக்டோபர் ஐந்தை நான் எப்படி எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது.

எது பெரிய பயம்? முதலாவதுதான் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். ஆனால் இரண்டாவதுக்காகத்தான் இன்றைக்குப் பொய் சொன்னேன்.

இந்த ஆப் ஒரு துரோகி. யார் எத்தனை மணிக்கு அடித்தார்கள், திறந்தேனா இல்லையா, எல்லாம் கணக்கு வைக்கிறது. இன்று எதிர்வீட்டு டீச்சர் பத்தே காலுக்கு வந்திருக்கிறார். 'பதில் இல்லை.' பத்து பதினேழு, 'பதில் இல்லை.' நான் ஹாலிலேயேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், மேலே ஃபேன் ஓடியது. பத்து நிமிஷத்தில் மகளின் மெசேஜ்: "வீட்ல இல்லையாப்பா?" குளித்துக்கொண்டிருந்தேன் என்று போட்டேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

இனி ஃபேன் கிடையாது. வியர்த்தால் வியர்க்கட்டும்.

சோபாவைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது உட்கார்ந்தால் நேர் எதிரே நீல விளக்கு தெரியும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன், உதறினால் தெரியும். காலையிலிருந்து மூன்று தரம் உதறியது. பூனை, பேப்பர்காரர், பூனை. மூன்றுக்கும் எழுந்து ஓடினேன்.

செப்டம்பர் 12, சனி

ஒத்திகை. மகளும் மாப்பிள்ளையும் வாண்டை இங்கே விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே போய்வந்தார்கள். போகும்போது அவள், "தூங்கிட்டான்னா நீங்களும் கொஞ்சம் படுங்கப்பா" என்றாள். படுப்பதா! குழந்தைக் கட்டிலின் சட்டத்துக்குள் கையை விட்டு, அவன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. அவன் மூச்சு ஏறி இறங்குவது கையில் தெரிந்தது. கையை எடுத்தால் அவன் இருக்கிறானா இல்லையா என்றே எனக்குத் தெரியாது என்பது போல ஒரு பீதி.

வந்ததும், "சமத்தா இருந்தானா?" என்றாள். "சத்தமே இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

சொல்லிவிடலாமா? சொல்ல வேண்டாம். சொல்லிவிடலாமா?

செப்டம்பர் 16, புதன்

எதிர்வீட்டு டீச்சரைக் கடையில் பார்த்தேன். "உங்க மனைவி இருந்தப்ப நான் மணியே அடிக்க மாட்டேன், வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே வந்திடுவாங்க" என்றார். வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். "யாரோ வந்திருக்காங்க, பாருங்க." "குக்கர் மூணு விசில் ஆச்சு, அணைங்க." "போன் அடிக்குது, எடுங்க." ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள்? வேலை ஏவுகிறாள் என்று சலித்துக்கொண்டிருக்கிறேன். கடவுளே, அவளுக்குத் தெரிந்திருக்குமோ?

செப்டம்பர் 19, சனி

நடந்துவிட்டது.

காலை பத்தரைக்கு மகள் வாண்டை விட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போனாள். மதியம்தான் வருவேன் என்றாள். அவன் பதினொன்றேகாலுக்குத் தூங்கினான். நான் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சத்தியமாக. அப்புறம், எழுந்தால் பால் கேட்பானே, பாட்டில் கழுவவில்லையே என்று எழுந்தேன். ஐந்து நிமிஷ வேலை. கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். சமையலறையில் குழாயைத் திறந்து, பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்தேன். போன் சார்ஜில் இருந்தது. ஐயோ, போன் சார்ஜில் இருந்தது.

கை துடைக்கத் துண்டு எடுக்க ஹாலுக்கு வந்தால் நீல விளக்கு மினுக்குகிறது, நிற்காமல் மினுக்குகிறது. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள். இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டுச் சாவியை இங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் கதவைத் திறந்ததும் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். ஓடியவளின் பின்னால் போனேன். அவன் புரண்டு, ஒரு கால் கட்டில் சட்டங்களுக்கு இடையில் முழங்கால் வரை மாட்டிக்கொண்டு, அழுது அழுது விக்கல் எடுத்திருந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. அவள் காலை மெதுவாக எடுத்தாள். கெண்டைக்காலில் சிவப்பாக இரண்டு கோடு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்பதான்மா அழ ஆரம்பிச்சான். நான் வந்துட்டே இருந்தேன்."

எப்போதும் கத்துகிறவள் இன்று கத்தவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, வெளியே போய் வண்டிக்கு நின்றாள். நான் ஹாலிலேயே நின்றேன். வாசல்வரை போகத் தைரியம் வரவில்லை.

ஆப்பைத் திறந்து பார்த்தேன். 11.42, பதில் இல்லை. 11.43, பதில் இல்லை. 11.43. 11.45. 11.46. 11.48.

ஆறு நிமிஷம்.

செப்டம்பர் 20, ஞாயிறு

காலையிலிருந்து அவளிடமிருந்து ஒரு மெசேஜும் இல்லை. இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு நாள் இருந்ததில்லை. நானே மூன்று தரம் எழுதி எழுதி அழித்தேன். வாண்டு எப்படி இருக்கிறான் என்று கேட்கக்கூட எனக்கு என்ன யோக்கியதை?

மதியம், தண்டனை மாதிரி, ஆப்பில் பதிவானதை எல்லாம் போட்டுப் பார்த்தேன். 11.42-இல் அவள் சிரித்த முகமாக அழுத்துகிறாள். 11.43-இல் தலையைச் சாய்த்துக் கேட்கிறாள், அப்போதுதான் உள்ளே அழுகை கேட்டிருக்கும். முகம் மாறுகிறது. 11.45-இல் கேமராவுக்கு வெகு அருகே வந்து "அப்பா! அப்பா! கதவைத் திறங்கப்பா!" அதற்கு மேல் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு கடைசியாக ஒன்று இருப்பதைப் பார்த்தேன். 11.57. வாசலில் வண்டிக்கு நிற்கும்போது பதிவானது. வாண்டைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, தூணில் சாய்ந்து, இந்தப் பக்கம் முகம் காட்டி நின்று மாப்பிள்ளையிடம் போனில் பேசுகிறாள். சத்தம் எனக்கு வெறும் கரகரப்பு. அதை அணைத்துவிட்டு வாயை மட்டும் பார்த்தேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம். பதினைந்து தரமாவது ஓட்டியிருப்பேன். ஒரு வார்த்தை விடாமல் பிடித்துவிட்டேன்.

"கால் மாட்டிக்கிச்சு. ஒண்ணும் இல்ல, சிவந்திருக்கு, அவ்வளவுதான்... அப்பாவுக்குக் கேக்கல. எனக்கு எப்பவோ தெரியும். அம்மாதான் சொல்ல விடல. அவர் உடைஞ்சு போயிடுவார், நானே கேட்டுச் சொல்லிக்கிறேன்னாங்க... இந்த மணியை மாட்டினா அவராவே புரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட வந்து சொல்வார்னு பார்த்தேன். வர மாட்டேங்கிறாரே. நான் என்ன பண்றது?"

அதற்குப் பிறகு வண்டி வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை என்ன சொன்னார், அவள் என்ன முடிவு பண்ணினாள், தெரியவில்லை. அவள் பின்னந்தலை மட்டும் தெரிகிறது. தோளுக்கு மேல் வாண்டு, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு விக்குகிறான்.

என்னிடம் வாயை மறைத்துப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. காது கேட்காதவனுக்கு எதை மறைப்பது?

சோபாவில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாக அழுதேனா என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 21, திங்கள்

பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் பண்ணினேன். பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், வாய்விட்டே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

கதவைத் திறந்தவளிடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "எனக்குக் காது கேக்கலம்மா."

ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக இதை வாயால் சொல்கிறேன். உள்ளேயிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "அது எங்களுக்குத் தெரியும் மாமா. நீங்க உள்ள வாங்க." தெரியுமாம்! எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரியும், கூரியர்காரருக்குத் தெரியும். ஊருக்கே தெரிந்திருக்கிறது, சம்பந்தப்பட்ட ஆளுக்குத்தான் தெரியவில்லை.

மகள் சிரிக்கவில்லை. "டே கேர்ல பேர் குடுத்தாச்சுப்பா" என்றாள்.

சரிம்மா என்றேன். வேறென்ன சொல்ல? வாண்டின் காலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சிவப்பு மறைந்திருந்தது. அவன் வழக்கம்போல என் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

"காது கேக்காததுக்கு இல்லப்பா" என்றாள் திடீரென்று. என் எதிரே வந்து உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக. "அதுக்கு மிஷின் இருக்கு, டாக்டர் இருக்காங்க. இப்பதான் அழ ஆரம்பிச்சான்னு சொன்னீங்களே, அதுக்குத்தான். குளிச்சிட்டிருந்தேன்னீங்க. சிக்னல் இல்லன்னீங்க. நாளைக்கு இவனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ஒண்ணும் ஆகலன்னுதானே சொல்வீங்க? எனக்கு அதுதான் பயம்."

நான் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "ஆறு நிமிஷம். பதினொண்ணு நாப்பத்திரண்டுல இருந்து நாப்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் அழுதான்னு எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவிட்டிருந்தேன். ஒண்ணுமே கேக்கல." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள்.

டே கேர் பெயர் அப்படியே இருக்கட்டும் என்றாள். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் மாப்பிள்ளை லீவு போட்டுக்கொண்டு எங்களோடு இருந்து பார்ப்பார். அதற்கப்புறம்தான் எதையும் சொல்வாள். இதைவிட நான் என்ன கேட்க முடியும்?

செப்டம்பர் 25, வெள்ளி

காது பரிசோதனை. கண்ணாடி போட்ட சின்ன அறை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதிக்கிற அம்மாள் வெளியே உட்கார்ந்து மிஷினைத் திருகுகிறார். திருகும்போதெல்லாம் அவர் தோள் லேசாக அசைவதைக் கண்டுபிடித்துவிட்டேன். தோள் அசைந்தால் அழுத்தினேன். பழக்க தோஷம்!

ஐந்து நிமிஷத்தில் கதவைத் திறந்தார். "சார், இது பரீட்சை இல்ல. காப்பி அடிக்காதீங்க." நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு பெரிய நிசப்தத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தது. காத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. பயந்துவிட்டேன். முடிவில் தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோட்டின் இடப்பக்கம் கனத்த சத்தங்கள், அது பரவாயில்லை; வலப்பக்கம் போகப் போகச் சறுக்கி அடிமட்டத்துக்கு இறங்குகிறது. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் எல்லாம் போய்விட்டனவாம். மிஷின் வைத்தாலும் முழுசாகத் திரும்பாது, ஆனால் நிறையத் திரும்பும் என்றார். குழந்தை அழுதால்? "கேக்கும். அறைக்கதவு திறந்திருந்தா நல்லாவே கேக்கும். ஆனா மிஷினைக் காதுல மாட்டணும் சார், அலமாரியில வைக்கக் கூடாது."

அக்டோபர் 2, வெள்ளி

இரண்டு காதிலும் மாட்டிவிட்டார்கள். என் சட்டையே என்னிடம் சரசரவென்று பேசுகிறது. பஸ்ஸில் காதைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மகள் ஏதோ சொன்னாள், வழக்கமான கத்தலில். "ஏம்மா கத்தற?" என்றேன். அவள் நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, "இப்படிப் பேசினா கேக்குதாப்பா?" என்றாள். கேட்டது. காலேஜ் படித்தபோது இருந்த அதே குரல். அவளுக்குக் கோபம் ஜாஸ்தி என்று எத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் இந்த நோட்டில். பாவி நான். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் என் மகள் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அக்டோபர் 5, திங்கள்

மகள் வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை உள்ளறையில் லேப்டாப்போடு காவல். வாண்டு இன்று நாலு தரம் அழுதான். மூன்று தரம் நான் முதலில் போனேன். ஒரு தரம் மாப்பிள்ளை முந்திவிட்டார். ராத்திரி மகளிடம் எப்படிச் சொல்வாரோ என்று பக்பக்கென்று இருந்தது. நானே சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9, வெள்ளி

இன்று ஐந்துக்கு ஐந்து. மாப்பிள்ளை மூன்று மணிக்கே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். அதுவும் கேட்டது.

மாலை மகள் டே கேருக்குப் போன் பண்ணினாள். பெயரை எடுத்துவிடச் சொன்னாள். நான் சமையலறையிலிருந்து அதைக் கேட்டேன். கேட்டதும் சந்தோஷப்படாமல் பயந்துவிட்டேன். திங்கட்கிழமை வீட்டில் நானும் அவனும் மட்டும். மாப்பிள்ளை இல்லை, யாரும் இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டால்? வியர்வையில் மிஷின் கெட்டுவிட்டால்? உபரி பேட்டரிகளை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 12, திங்கள்

பதினொரு மணிக்குப் படுக்கையறையில் வாண்டுக்குப் பால் கொடுக்க மடியில் போட்டேன். அவன் தலை என் வலது காதில் இடித்தால் மிஷின் விசில் அடிக்கிறது, அவன் மிரளுகிறான். அதனால் அந்தப் பக்கத்து மிஷினைக் கழற்றி மேஜையில் வைத்தேன். முழுப் பாட்டிலும் காலி. கண் சொக்கிவிட்டது. அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டுக்கு அவனைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து, ஹாலில் விட்டிருந்த போனைப் பார்த்தால்: 11.05, பதில் இல்லை. 11.06, பதில் இல்லை. கூரியர்காரர். மகளின் போனிலும் இது போயிருக்கும். ஒரு மணி நேரமாக அவள் அங்கே என்ன பாடுபட்டுக்கொண்டிருக்கிறாளோ? பாத்ரூமில் இருந்தேன் என்று கை தானாகவே அடிக்க ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தி, அழித்துவிட்டு, வேறு எழுதினேன்.

"மணி ரெண்டு தடவை அடிச்சிருக்கு. எனக்குக் கேக்கல. பால் குடுக்கறதுக்காக ஒரு பக்கத்து மிஷினைக் கழட்டி வச்சிருந்தேன்."

உடனே பதில் வந்தது. "அப்ப வாண்டு எங்க இருந்தான்?"

"மடியில."

"சரிப்பா."

பத்து நிமிஷத்தில் 'வீட்ல இல்லையாப்பா?' என்று கேட்கிறவள், அதற்குப் பிறகு மாலை ஐந்து மணி வரை சரிபார்த்து ஒரு மெசேஜ்கூட அனுப்பவில்லை.